கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிறது சயின்ஸா, அரசியலா?

தூக்கம்_போச்சு:

மக்களே, ரொம்ப நாளா உள்ள இருக்கற எரிச்சல், கொட்டிடறேன். கோடைக்கு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி, குளிர்காலத்துக்குத் திருப்பி வைக்கற இந்த "கோடை நேரம்" பழக்கமே நான் இருக்கற எடத்துல இல்ல. ஆனா என் டீம்ல பாதி பேரு அமெரிக்கா, மிச்சம் ஐரோப்பா. அமெரிக்காக்காரன் மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை முள்ளை ஒரு மணி நேரம் முன்னாடி தள்றான், ஐரோப்பாக்காரன் கடைசி ஞாயித்துக்கிழமை தான் தள்ளுவான், நடுவுல அந்த ரெண்டு மூணு வாரம் யாருக்கு எப்ப மீட்டிங்னு கடவுளுக்கே தெரியாது. போன தடவை நான் கரெக்டா ஏழரைக்கு உள்ள போறேன், எல்லாரும் பை சொல்லிட்டு இருக்காங்க. ஆறரைக்கே ஆரம்பிச்சு முடிச்சுட்டாங்களாம்!

கேட்டா ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. கரண்ட் மிச்சம்ங்கறான் ஒருத்தன், விவசாயிக்காகங்கறான் இன்னொருத்தன், பெஞ்சமின் பிராங்க்ளின் கண்டுபிடிச்சதுங்கறான் மூணாவது ஆளு. நிஜமாவே இதுக்குப் பின்னாடி ஏதாவது சயின்ஸ் இருக்கா, இல்ல எவனோ ஒருத்தன் ஆரம்பிச்சு வெச்சதை விட மனசில்லாம இழுத்துட்டு இருக்காங்களா?

பழைய_பேப்பர்:

விவசாயி கதையை மொதல்ல தூக்கி குப்பையில போடுங்க ப்ரோ. மாட்டுக்கு மணி பாக்கத் தெரியாது, அது மடி கனத்தா தான் கத்தும். பனி காய்ஞ்சா தான் வயல்ல வேலை ஆரம்பிக்க முடியும், ஆனா கூலியாளு கடிகாரத்தைப் பாத்து கிளம்பிடுவான், அதனால விவசாயிக்கு இதுல நஷ்டம் தான். அமெரிக்காவுல 1919ல இந்தச் சட்டத்தை ஒழிச்சுக் கட்ட முன்னாடி நின்னவங்களே அவங்க தான், அதிபர் வில்சன் வீட்டோ போட்டுத் தடுத்தும் செல்லுபடியாகல.

பிராங்க்ளின் 1784ல பாரிஸ்ல இருந்துட்டு நக்கலா ஒரு கட்டுரை எழுதினாரு, சீக்கிரம் எந்திரிச்சா மெழுகுவத்தி மிச்சமாகும்னு. அதுல கடிகாரத்தை மாத்தணும்னு ஒரு வரி கூட கிடையாது. மொதல்ல ஒழுங்கா கேட்டது நியூசிலாந்துல ஜார்ஜ் ஹட்சன்னு ஒரு தபால் ஆபீஸ்காரர், 1895ல. எதுக்குன்னு நெனைக்கறீங்க? ட்யூட்டி முடிஞ்சு பூச்சி பிடிக்கப் போக வெளிச்சம் வேணுமாம்! அவரு கேட்டது ஒரு மணி இல்ல, ரெண்டு மணி. அப்புறம் இங்கிலாந்துல வில்லியம் வில்லெட், வீடு கட்டற காண்ட்ராக்டர், 1907ல சொந்தக் காசுல புத்தகம் போட்டு ஊரெல்லாம் குடுத்தாரு, பார்லிமெண்ட்ல மசோதா வந்தும் நிறைவேறல. கடைசியில நாடு முழுக்க மொதல்ல அமல்படுத்தினது ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும், 1916 ஏப்ரல் 30, உலகப்போர் நடுவுல, நிலக்கரியை மிச்சம் பிடிக்க. அடுத்த சில வாரத்துலயே இங்கிலாந்தும் பண்ணிருச்சு. எதிரி பண்றான்னா நாமும் பண்ணணுமே. பாவம் வில்லெட் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு.

ஆனா என்னைக் கேட்டா இது மட்டும் இல்ல, எல்லா மணியும் அரசியல் தான். ஸ்பெயின் லண்டனுக்கு நேர் கீழ இருக்கு, ஆனா 1940ல அங்க சர்வாதிகாரியா இருந்த பிராங்கோ கடிகாரத்தை பெர்லினோட சேத்து வெச்சாரு, இன்னிக்கு வரைக்கும் யாரும் திருப்பல. சீனா அஞ்சு டைம் சோன் அகலம், 1949லேந்து நாடு முழுக்க பெய்ஜிங் மணி ஒண்ணு தான். இதுல எனக்குப் பிடிச்சது பிரான்ஸ். லண்டன்ல இருக்கற கிரீனிச் தான் உலக நேரக் கணக்குக்குப் பூஜ்யம்னு 1884லயே மாநாடு போட்டு முடிவு பண்ணியாச்சு, பிரான்ஸ்காரனுக்கு மனசு வரல. 1911ல தான் எறங்கி வந்தான், அப்பவும் சட்டத்துல கிரீனிச்ங்கற வார்த்தையே இல்ல, "பாரிஸ் நேரத்துலேந்து 9 நிமிஷம் 21 செகண்ட் கம்மி"ன்னு எழுதினான். விழுந்தேன், ஆனா மீசையில மண் ஒட்டல!

நைட்ஷிப்ட்_அக்கா:

வரலாறு எல்லாம் நல்லா தான் இருக்கு தம்பி, நான் இதை உடம்புல அனுபவிக்கற ஆளு. பிரிட்டன்ல நர்ஸ். அக்டோபர் கடைசி ஞாயிறு விடியறதுக்கு முன்னாடி, ரெண்டு மணி ஆனதும் திரும்ப ஒரு மணி ஆயிடும். மொத வருஷம் ஒருத்தருக்கு 1:40க்கு வலி மருந்து குடுத்து எழுதி வெச்சேன், முக்கால் மணி நேரம் கழிச்சு போய்ப் பாத்தா வலி கொறஞ்சிருக்கு, சுவத்துல மணி 1:25. அதை அப்படியே எழுதினேன். காலையில வந்த டாக்டர் சார்ட்டை ரெண்டு தடவை படிச்சாரு, மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியே வலி போயிடுச்சுன்னு இருக்கு.

அன்னிக்கு பன்னெண்டு மணி நேர ஷிப்ட் பதிமூணு ஆகும். அதுக்குக் காசு கேட்டா, மார்ச்ல ஒரு மணி கம்மியா தானே வேலை பாத்தீங்க, சரியாப் போச்சுன்னாங்க. மார்ச்ல அந்த ராத்திரி நான் லீவு.

சயின்ஸ் கேட்டீங்கல்ல, இருக்கு, ஆனா இந்த மாத்தத்துக்கு ஆதரவா இல்ல. நம்ம உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது, அந்த ஆராய்ச்சிக்கு தான் 2017ல மருத்துவ நோபல், அதுவும் பழத்துல மொய்க்குமே அந்த ஈயை வெச்சு கண்டுபிடிச்சது. அந்தக் கடிகாரத்தை தினமும் சரிபண்றது முக்கியமா காலை வெளிச்சம். காலையில இருட்டுல எந்திரிச்சு ஓடினா சாவி குடுக்காத கடிகாரம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போயிடும். அதனால தான் அமெரிக்க தூக்க மருத்துவர்கள் அமைப்பு 2020ல, மாத்தறதை நிறுத்துங்க, வருஷம் முழுக்க பழைய நேரத்துலயே, அதாவது குளிர்கால நேரத்துலயே இருங்கன்னு சொல்லுச்சு. அவங்க மேல் சபை, செனட், என்ன பண்ணுச்சு தெரியுமா? 2022ல நேர் எதிரா, வருஷம் முழுக்க கோடை நேரம்னு மசோதாவை நிறைவேத்துச்சு. கீழ் சபையில அது அப்படியே படுத்துருச்சு.

ஒண்ணு மட்டும், "மணி மாத்தினா மாரடைப்பு வரும்"னு ஃபார்வர்ட் வந்தா நம்பி பயந்துடாதீங்க. மிச்சிகன் மாநில ஆஸ்பத்திரி தகவலை வெச்சு 2014ல வந்த ஆய்வுல, மார்ச் மாத்தத்துக்கு அடுத்த திங்கக்கிழமை மாரடைப்பு 24 சதவீதம் ஜாஸ்தி. ஆனா அந்த வாரம் முழுசுக்கும் கணக்கு பாத்தா மொத்தம் மாறல. எப்பவோ வர இருந்தது ரெண்டு நாள் முன்னாடி வந்துருக்கு, அவ்ளோ தான். ஃபார்வர்ட்ல மொத வரி மட்டும் தான் வரும்.

சாயங்கால_வெயில்:

எல்லாரும் சேந்து மொத்தறீங்க, நான் ஒருத்தன் ஆதரிக்கறேன். ஆபீஸ் முடிஞ்சு வெளிய வந்தா இன்னும் வெயில் இருக்கு, புள்ளைங்களோட பார்க்குக்கு போலாம், அந்த சுகம் குளிர் நாட்டுல இருந்தவனுக்கு தான் தெரியும்.

நிறுத்துங்க நிறுத்துங்கன்னு சொல்றீங்களே, நிறுத்திப் பாத்தாச்சு. அமெரிக்கா எண்ணெய் தட்டுப்பாட்டுக்காக 1974 ஜனவரில வருஷம் பூரா கோடை நேரம்னு ஆரம்பிச்சான். புள்ளைங்க கும்மிருட்டுல டார்ச்சோட ஸ்கூலுக்கு போக, ஒரு வருஷம் கூட தாக்குப் பிடிக்கல, அக்டோபர்லயே திருப்பிட்டான். ரஷ்யா 2011ல நிரந்தர கோடை நேரம் வெச்சான், காலை இருட்டு தாங்கலன்னு 2014ல நிரந்தர குளிர்கால நேரத்துக்கு மாறினான், அப்புறம் நாலு மணிக்கே விடியுதுன்னு பொலம்பல். ஐரோப்பாவுல 2018ல கருத்து கேட்டாங்க, 46 லட்சம் பேரு பதில் போட்டாங்க, 84 சதவீதம் நிறுத்தச் சொன்னாங்க. அதுல 30 லட்சம் பேரு ஜெர்மனி, அதையும் சேத்து சொல்லுங்க. 2019ல பார்லிமெண்டும் ஓட்டு போட்டுச்சு. நிறுத்தினா எந்த மணில நிக்கறதுன்னு நாடுங்களுக்குள்ள ஒத்துப் போகல, அப்படியே கெடக்கு. வெறுக்கறதுல ஒத்துமை, அடுத்து என்னன்னா ஆளுக்கொரு பக்கம்.

கரண்ட் மிச்சம்ங்கறது மட்டும் இப்ப எடுபடாது, ஒத்துக்கறேன். இந்தியானா மாநிலம் 2006ல தான் முழுசா இதுக்கு மாறுச்சு, வீட்டுக் கரண்ட் ஒரு சதவீதம் போல ஏறிருச்சு. லைட் செலவு கொறஞ்சுது, ஏசி தின்னுருச்சு.

கோடு_தட்டறவன்:

இதெல்லாம் என் வேலைல தான் வந்து விடியும். ஒரு அமைச்சர் காலையில எந்திரிச்சு மணியை மாத்தறேன்னு அறிக்கை விட்டா, எங்கயோ ஒரு சர்வர் ரூம்ல எவனோ தூக்கத்தைத் தொலைக்கறான். 2023 மார்ச்ல லெபனான் கூத்து ஞாபகம் இருக்கா? கோடை நேரத்தை ரம்ஜான் முடியற வரைக்கும் தள்ளி வைக்கறோம்னு கடைசி நேரத்துல பிரதமர் அறிவிச்சாரு, சர்ச்சு நாங்க ஒத்துக்க மாட்டோம்னுச்சு, சில நாளைக்கு ஒரே நாட்டுல ரெண்டு மணி. பக்கத்து பக்கத்து வீட்டுல ஒருத்தன் எட்டுங்கறான், ஒருத்தன் ஒம்போதுங்கறான். போன்லயே ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொண்ணு. கடைசியில முடிவை வாபஸ் வாங்கினாங்க. சமோவா இன்னும் மேல, ஆஸ்திரேலியாவோட வியாபாரம் பண்ண வசதியா இருக்கும்னு 2011 டிசம்பர் 30ங்கற தேதியையே தூக்கிட்டாங்க. வியாழன் தூங்கி சனி எந்திரிச்சாங்க.

சயின்ஸ்காரங்களும் சும்மா இல்ல. பூமி சுத்தற வேகம் ஒரே சீரா இல்லாததுக்கு ஈடு குடுக்கறேன்னு 1972லேந்து 27 தடவை ஒரு செகண்டை நடுவுல செருகிட்டாங்க, கடைசியா 2016 டிசம்பர் 31. 23:59:60னு ஒரு நேரம் வரும், பாதி சாஃப்ட்வேருக்கு அது என்னன்னே தெரியாது. எங்கள மாதிரி ஆளுங்க அழுத அழுகையில 2022ல ஒரு முடிவு எடுத்தாங்க, 2035க்குள்ள அந்தப் பழக்கத்தை விட்டுடலாம்னு.

தூக்கம்_போச்சு அண்ணே, உங்க பிரச்சனைக்கு வரேன். அந்த மீட்டிங் இன்வைட்டைத் திறந்து எந்த ஊரு டைம் சோன்ல போட்டிருக்குன்னு பாருங்க. எந்த ஊரோ அந்த ஊரு மணி மாறும்போது மீட்டிங்கும் கூடவே நகரும். யாராவது ஒரு ஊருக்காரர் தான் தியாகம் பண்ணணும், அது யாருன்னு டீம்ல பேசி வெச்சுக்கோங்க.

தூக்கம்_போச்சு:

நன்றி மக்களே, அக்கா சார்ட் கதைக்கு தனியா ஒரு கும்பிடு.

இப்ப தான் இன்வைட்டைத் திறந்து பாத்தேன். சிகாகோன்னு இருக்கு. எங்க டீம்ல சிகாகோவுல யாருமே கிடையாதேன்னு விசாரிச்சா, ஒருத்தர் இருந்தாராம். வேலையை விட்டுப் போயி ரெண்டு வருஷமாச்சாம்.