சங்கு குளிக்கிறவருக்கு சிவப்பணு 61 லட்சம்: கூடுதலா?

கேள்வி: கீழக்கரையில சங்கு குளிக்கிற 38 வயசு ஆள். கன மில்லிமீட்டருக்கு சிவப்பணு 61 லட்சம், ஹீமோகுளோபின் 17.8, பி.சி.வி. (ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு) 53 சதவீதம், எம்.சி.வி. (ஒரு சிவப்பணுவோட சராசரி அளவு) 87. பீடி உண்டு. மூச்சடக்கி முங்குறதால ஏறுமா?

பதில் 1: முங்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வச்ச சிவப்பணுவை ரத்தத்துல தள்ளும். ஆனா மேலே வந்து பத்து நிமிஷம் போல ஆனா இறங்கிடும். மறுநாள் டெஸ்ட்ல தெரியாது. முதல்ல நீர்ச்சத்தைப் பாருங்க. நாள் பூரா வெயில்ல வேர்த்தா பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதி, குறையும். அணு கூடாமலே எண்ணிக்கை கூடும். ரெண்டு நாள் கடலுக்குப் போகாம, நல்லா தண்ணி குடிச்சு, காலையில திரும்ப எடுங்க. ரத்தம் எடுக்கும்போது கைல கட்டுற பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல இறுக்கி வச்சாலும் ரத்தம் அடர்த்தியாகும். லேப்ல இதை யாரும் கண்டுக்கிறதில்ல.

பதில் 2: முதல் பதில்ல பீடியைச் சொல்லாம விட்டுட்டீங்களே அண்ணே! பீடிப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கும், ஆக்சிஜன் குறையும், சிறுநீரகம் எரித்ரோபாய்டின்ங்கிற, சிவப்பணுவைக் கூட்டச் சொல்ற ஹார்மோனைக் கூட்டும், எலும்பு மஜ்ஜை அணுவைப் பெருக்கும். சிவப்பணு ஆயுசு 120 நாள். பீடியை நிறுத்தினாலும் நாலே நாள்ல இறங்காது. தூக்கத்துல குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வருதான்னும் கேளுங்க.

பதில் 3: திரும்ப எடுத்தும் ஹீமோகுளோபின் 16.5, பி.சி.வி. 49 தாண்டினா ரத்தநோய் டாக்டர்கிட்ட ஜாக்2 டெஸ்ட் (மஜ்ஜை தானாவே அணுவைப் பெருக்குற நோய்க்கான மரபணு டெஸ்ட்) பத்திக் கேளுங்க. எம்.சி.வி. 65 மாதிரி இருந்திருந்தா கதை வேற, அது தலசீமியா கூறா (பரம்பரையா வர்ற ஹீமோகுளோபின் குறைபாடு, அணு சின்னதா இருக்கும்) இருக்கலாம். அப்படி இருந்தா ஃபெரிட்டின் (உடம்புல இருக்கிற இரும்புச் சேமிப்பைக் காட்டுற டெஸ்ட்) பார்க்காம இரும்பு மாத்திரை போடக்கூடாது.