வைஃபை வருகிறது, புளூடூத் மட்டும் காணவில்லை (லினக்ஸ் மின்ட்)

லயத்துவாசி, சுங்கை சிப்புட் (மலேசியா):
வணக்கம். ஈப்போவில் வாங்கிய பழைய மேசைக் கணினி. லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டு ஓராண்டாகிறது. உள்ளே இன்டெல் ஏஎக்ஸ்200 சில்லு வைத்த பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை. வைஃபையும் புளூடூத்தும் அதில்தான். போன வாரம் வரை அப்பா விடியற்காலையில் புளூடூத் ஒலிபெருக்கியில் மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது புளூடூத் கருவி எதுவுமே இல்லை என்கிறது கணினி. வைஃபைக்கு ஒரு குறையும் இல்லை, ஆகவே அட்டை கெட்டிருக்காது. அப்டேட் போட்டதுதான் வினையோ என்று சந்தேகம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன காலத்துப் பழக்கத்தில் அப்பா ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார். வானொலி இல்லாத கோபத்தில் மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை.

தைப்பிங் மழை:
அண்ணே, முனையத்தில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ கொடுத்துப் பாருங்கள், வைஃபை, புளூடூத் எதற்காவது தடை இருந்தால் காட்டும். தடை விழுந்திருந்தால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் புளூடூத்’ போதும். எனக்கு இரண்டே நிமிடத்தில் சரியானது.

லயத்துவாசி:
பார்த்தேன் தம்பி. பட்டியலில் வைஃபை மட்டும் இருக்கிறது.

பழைய கிராணி:
பேரேட்டில் பெயரே இல்லாத ஆளுக்கு யார் தடை போடுவது? ‘எல்எஸ்யூஎஸ்பி’ கொடுங்கள், யூஎஸ்பி கருவிகளின் பட்டியல் வரும். 8087:0029 என்ற எண்ணோடு ஒரு வரி வர வேண்டும், அதுதான் உங்கள் புளூடூத். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் குறிப்புகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’யில் யூஎஸ்பி பற்றிய பிழை ஏதும் உண்டா? கணினியில் விண்டோஸும் இருக்கிறதா? அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் சில நேரம் புளூடூத்தை அரைத்தூக்கத்தில் விட்டுப் போகும். மின்சாரத்தை முழுக்கத் துண்டித்தால்தான் விழிக்கும்.

லயத்துவாசி:
விண்டோஸ் இல்லை. அந்த எண் வரவில்லை. பிழை வரியும் இல்லை, ஒரே அமைதி. பழைய கர்னலில் துவக்கினாலும் அதே கதைதான்.

பழைய கிராணி:
அப்படியானால் அப்டேட்டைத் திட்ட வேண்டாம். அட்டை ஒன்றானாலும் பாதை இரண்டு. வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் வழியாகப் போகிறது. புளூடூத்தோ யூஎஸ்பி கருவி; அட்டையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மதர்போர்டில் உள்ள ஒன்பது ஊசி யூஎஸ்பி முனைக்குப் போக வேண்டும். அந்தக் கம்பி கழன்றால் வைஃபை நன்றாக ஓடும், புளூடூத் மட்டும் மாயமாகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

லயத்துவாசி:
திறந்தேன் ஐயா. கம்பி கழலவில்லை, எலி கடித்திருக்கிறது! சிவப்பு, வெள்ளை, கறுப்பு மூன்றும் தோல் மட்டும் உரிந்து நிற்கின்றன, பச்சை துண்டாகிவிட்டது. பெட்டிக்குள் எலிப் புழுக்கை வேறு.

பழைய கிராணி:
எலி சரியான கம்பியைத்தான் பார்த்துக் கடித்திருக்கிறது. சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த், வெள்ளையும் பச்சையும் தரவுக்கு. இந்தப் புளூடூத் நொடிக்கு 12 மெகாபிட் வேக வகை. அந்த வகைக் கருவி ‘நான் வந்திருக்கிறேன்’ என்று சொல்வதே பச்சைக் கம்பியில் மின்னழுத்தத்தை உயர்த்தித்தான். அது அறுந்தால் கருவி வந்ததே கணினிக்குத் தெரியாது, அதனால்தான் பிழைகூட எழுதவில்லை. வெள்ளை அறுந்திருந்தால் டிமெஸ்ஜி நிறையப் புலம்பியிருக்கும். புதுக் கம்பி கிடைக்காவிட்டால் ஈயம் வைத்து ஒட்டலாம். இந்த வேகத்துக்கு ஓர் ஒட்டு தாங்கும். உரிந்த மற்ற மூன்றையும் இன்சுலேஷன் டேப்பால் தனித்தனியாகச் சுற்றுங்கள். சிவப்பும் கறுப்பும் தொட்டுக்கொண்டால் போர்டுக்கே ஆபத்து.

லயத்துவாசி:
பட்டணத்தில் டிவி பழுது பார்க்கும் அண்ணன் ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இப்போது 8087:0029 வருகிறது, ஆனால் அமைப்புப் பக்கம் இன்னும் கருவி இல்லை என்றே சொல்கிறது!

பழைய கிராணி:
‘எல்எஸ்மாட்’ கொடுத்தால் வரும் இயக்கிகளின் பட்டியலில் பிடியூஎஸ்பி இருக்கிறதா? இந்த மூன்று நாளில் வேறு என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்.

லயத்துவாசி:
பிடியூஎஸ்பி இல்லை. முதல் நாள் இணையத்தில் எங்கோ படித்துவிட்டு, மாட்புரோப் அடைவில் ஒரு கோப்பு எழுதி, ஏற்றக்கூடாத இயக்கிகளின் தடைப்பட்டியலில் அதைச் சேர்த்தேன். பலன் இல்லாததால் மறந்தும்விட்டேன்.

பழைய கிராணி:
கருவியைக் கர்னலோடு பேச வைக்கும் இயக்கியே அதுதான். அந்தக் கோப்பை அழித்துவிட்டுக் கணினியை மீண்டும் துவக்குங்கள். இனி எந்தக் கட்டளை கொடுத்தாலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் நாங்கள் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) எழுதிய மாதிரி.

லயத்துவாசி:
வந்துவிட்டது! ஒலிபெருக்கியும் இணைந்தது. அப்பா பேசிவிட்டார்: “சத்தத்தைக் கூட்டு.”

தைப்பிங் மழை:
மகிழ்ச்சி அண்ணே. எலிக்கு என்ன வழி? உங்கள் பக்கச் செம்பனைத் தோட்டத்தில் கூகைக்குப் பெட்டி வைக்கவில்லையா?

லயத்துவாசி:
வைத்திருக்கிறார்கள் தம்பி, அது தோட்டத்து எலியோடு சரி, நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கணினியின் பின்னால் செருகுவாய் மூடித் தகடு ஒன்று வாங்கிய நாளிலிருந்தே இல்லை. எலி நுழைந்தது அந்த வழியாகத்தான். மைலோ டின்னை வெட்டி, விளிம்பை மடித்துத் திருகிவிட்டேன்.