முதல் உறைபனியை முந்தைய சாயங்காலமே கணிக்க முடியுமா?

வணக்கம். காட்டுக்கு நடுவே, பள்ளத்தில் இருக்கும் சின்னக் குடியிருப்பு எங்களுடையது. இலையுதிர்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பகலில் வெறும் சட்டை போதும். வானம் தெளிந்த ராத்திரிகளில் குளிர் சடாரென்று இறங்கிவிடுகிறது.

குழப்பம் இதுதான். ஆளுயரத்தில் மாட்டியிருக்கும் வெப்பமானி விடியற்காலையில் 3 டிகிரி காட்டுகிறது. ஆனால் புல்நுனியெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது, பூசணிக் கொடியின் மேல் இலைகள் கருத்துச் சுருண்டுவிட்டன. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும், தரை காற்றைவிடச் சீக்கிரம் குளிரும் என்பதெல்லாம் தெரியும். மேட்டு வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பொறாமையாகத்தான் இருக்கிறது! மேகமோ காற்றோ இருந்தால் எங்களுக்கும் தொல்லை இல்லை.

சாயங்காலக் காற்றின் ஈரப்பதத்தை வைத்து உறைபனியைக் கணிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை டிகிரிக்கு இறங்கினால் செடிகளை மூடுவீர்கள்? இன்னொரு வெப்பமானியைப் புல்லின் உயரத்தில் வைத்தால் சரியாகக் காட்டுமா? அப்புறம், மூடுவதற்குப் பழைய துணி போதுமா? பிளாஸ்டிக் தாள் பட்ட இலை கருகிவிடுகிறது. வானிலைச் செயலியை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அதற்கு எங்கள் பள்ளம் இருப்பதே தெரியாது.