ஓவியர் முன்னால் உட்கார்ந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

அரிசிலாறு:
அப்பத்தா இறந்து பதினாறாம் நாளுக்குள் படம் வேண்டும். இருந்தது ரேஷன் கார்டு போட்டோ ஒன்றுதான். கும்பகோணத்தில் ஆயில் பெயின்டிங் போடுகிற பெரியவர் ஒருவரிடம் போனேன். அந்த மாதிரிக் கடை உங்கள் ஊரிலும் இருந்திருக்கும், விளக்க வேண்டியதில்லை. போட்டோவை ஓரமாக வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "வெத்தலை எந்தப் பக்கம் அடக்குவாங்க?" இடது பக்கம் என்றேன். "பல்லு எத்தனை இருந்துச்சு?" கீழே ரெண்டு. எல்லாவற்றையும் ஓர் அட்டையில் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "கொஞ்சம் கலரா போட்டுடுங்க."

அவர் ஒன்றும் பேசவில்லை. நாலைந்து கலரைக் குழைத்தார். கறுப்பு டியூபைத் தொடவே இல்லை. "கையக் காட்டுங்க தம்பி" என்று என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தார். வைத்த இடம் தெரியவில்லை! ஈரம் பளபளத்ததால்தான் கண்டுபிடித்தேன். "அப்பத்தா உங்க கலர்தானே? இதுல எவ்வளவு குறைக்கணும், சொல்லுங்க."

"ரெண்டு பங்கு" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவரும் குறைத்தே கொடுத்தார். பதினோரு வருடமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் யாரோ ஒரு சிவத்த கிழவி இருக்கிறாள். வெற்றிலை அடக்கிய கன்னம் மட்டும் அப்பத்தாவுடையது.

மூணாவது பிளாட்பாரம்:
போட்டோ பார்த்துப் போடுவதெல்லாம் உருவப்படத்தில் சேராது என்பது என் கட்சி. ஆள் உட்கார வேண்டும். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2002இல் இன்னொரு ஓவியரான லூசியன் ஃபிராய்டு முன்னால் நூறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். பதிலுக்கு ஃபிராய்டு உட்கார்ந்தது சில மணி நேரம்தான், அது வேறு கதை.

நானும் உட்கார்ந்தவன். படிக்கிற காலத்தில் கைச்செலவுக்காகச் சென்னை கவின் கலைக் கல்லூரியில் மாடலாகப் போவேன். உழைப்பாளர் சிலை செய்த ராய் சௌத்ரி முதல்வராக இருந்த அதே கல்லூரி. கால் நகராமல் இருக்கப் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார்கள். இடைவேளை முடிந்து வந்தால் கோட்டுக்குள் கால் வைத்து மறுபடி உட்கார வேண்டும். ஒருநாள் முடிந்ததும் எல்லாருடைய வரைபலகையையும் சுற்றிப் பார்த்தேன். மூலையில் இருந்த ஒரு பெண் மட்டும் நான் தூங்குவதுபோல வரைந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. "நான் தூங்கவே இல்லையேம்மா" என்றேன். "தெரியும்ணே. முகம் தூங்கிருச்சு" என்றாள். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கிறேன்.

கரிசல்காட்டான்:
பிளாட்பாரம் அண்ணாச்சி, உங்கள் கட்சி ரவிவர்மாவையே வெளியே தள்ளிவிடும். அவரும் போட்டோ வைத்து வரைந்தவர்தான். எங்கள் கோவில்பட்டியில் கொண்டையராஜு என்று ஒருவர் இருந்தார். நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதி வந்தவர். அவரும் அவர் சீடர்களும் எழுதிய படங்கள்தான் சிவகாசி காலண்டராகி வீட்டுக்கு வீடு தொங்கின. அந்த முருகன் யார் முன்னால் வந்து உட்கார்ந்தார்? சொல்லுங்கள்.

என் கதை சின்னது. எங்கள் டாக்கீஸ் வாசலில் பேனர் எழுதுவார்கள், எனக்கு அப்போது பத்து வயது. சாரத்தில் நிற்கிற ஆர்ட்டிஸ்டுக்கு மூக்கு மட்டுமே ஓர் ஆள் உயரம். கிட்டத்தில் பார்த்தால் ரோஸும் பச்சையும் அப்பிக் கிடக்கும். என்னைக் கூப்பிட்டு, "ரோட்டுக்கு அந்தாண்ட போயி மூக்கு நேரா இருக்கான்னு பாத்துட்டு வாடே, புரோட்டா வாங்கித் தாரேன்" என்றார். போய்ப் பார்த்தேன். கோணல். நேராக இருக்கிறது என்றால் சீக்கிரம் இறங்குவார், புரோட்டாவும் சீக்கிரம் வரும். "நேரா இருக்குண்ணே!" படம் ஐம்பது நாள் ஓடியது. ஐம்பது நாளும் ஹீரோவுக்குக் கோண மூக்கு. அவரும் ஒருநாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருப்பார். என்னிடம் கேட்கவே இல்லை. அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது, அவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

டர்பன்டைன்:
நான் ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். எனக்கும் ஓர் அனுபவம் உண்டு: ஒரு பெரிய மனிதர் தன் படத்தில் மருவை எடுக்கச் சொன்னார், எடுத்தேன், அவர் மனைவிக்குப் படம் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அரிசிலாறு தம்பிக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். அப்பத்தா படத்துக்கு நேர்கீழே விளக்கோ ஊதுபத்தியோ வைக்காதீர்கள், கரி படிந்தால் லேசில் போகாது. குங்குமம் வைப்பதாக இருந்தால் கண்ணாடிமேல் வையுங்கள். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று வீடியோ போடுகிறார்கள், நம்பாதீர்கள், மாவுச்சத்து ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியும் வேண்டாம். நிறத்தைப் பொறுத்தவரை வழி உண்டு. வெளுத்த முகத்தின்மேல் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்புக் கலரை லின்சீட் ஆயிலில் (ஆளிவிதை எண்ணெய்) கரைத்து, கண்ணாடிபோல மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்தபின் இன்னொன்று. கீழே இருப்பது தெரிந்துகொண்டே கறுக்கும். அவசரப்பட்டு வார்னிஷ் அடிக்கக் கூடாது, ஆறு மாதமாவது விட வேண்டும். பழைய வார்னிஷ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டத்தைக் கழற்றினால் தெரியும். கழற்றும்போது ஆணியை நெம்பாதீர்கள், குறடால் நேராக இழுங்கள்.

பித்தளைச் செம்பு:
மாஸ்டர் ஐயா, அவர் ஆலோசனையா கேட்டார்?

நான் யார் முன்னாலும் உட்கார்ந்ததில்லை. ஆனந்த விகடனில் ஓவியர் இளையராஜா வரைந்த பெண்களைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பார்த்தபோது போட்டோ என்றுதான் நினைத்தேன். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் விழும். கறுத்த தோலில் அந்த வெளிச்சம் ஏறுகிற இடத்தில் ஒரு தேன் நிறம் இருக்கும் பாருங்கள்! பெண் பார்க்க வந்தவர்கள் என் எதிரிலேயே "பொண்ணு மாநிறம்னு சொன்னீங்க" என்று கேட்டுவிட்டுப் போன வருஷம் அது. பக்கத்தைக் கத்தரித்துப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கண்காட்சிக்குப் போய் நேரில் பார்க்க வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். 2021 ஜூனில் கொரோனாவில் போய்விட்டார். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, பசை வைத்த மூலைகள் மஞ்சளாகிவிட்டன. அரிசிலாறு, உங்கள்மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அரிசிலாறு:
கோபப்படுங்கள் அக்கா, நியாயம்தான்.

மாஸ்டர் ஐயா சொன்னபடி நேற்று சட்டத்தைக் கழற்றினேன், ஆணியை நேராகத்தான் இழுத்தேன். கீழ் ஓரத்தில், சட்டம் மறைக்கிற ஒரு விரல் அகலத்தில், சேலைக்குக் கீழே, கலர் பார்க்க இழுத்ததுபோல ஒரு பட்டை. அன்றைக்கு மணிக்கட்டில் வைத்த அதே கலர் என்றுதான் தோன்றுகிறது. பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். ஏசியிலேயே கிடந்து நான்தான் கொஞ்சம் வெளுத்திருக்கிறேன்.