செக்சம் சரிபார்த்தால் "ஃபெயில்ட்" வருகிறது, ஃபைல் கண் முன்னாலேயே இருக்கிறது (லினக்ஸ் மின்ட்)

ஆலங்குளத்தான்:
எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) பாடிய வில்லுப்பாட்டுகளை வீடியோ எடுத்து வைத்திருக்கிற ஒரு ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் 46 ஃபைல் வாங்கியிருக்கிறேன். அவர் தன்னுடைய பழைய மேக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் எஸ்எச்ஏ256 செக்சம் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று ஒப்பிட, அதன் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடுகிற எண்) எடுத்து, பட்டியல்.டிஎக்ஸ்டி என்று தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வீடியோக்கள் அவருடைய ஹார்டு டிஸ்க்கில் இருந்து என் மச்சான் லேப்டாப்புக்குப் போய் (அதுவும் மின்ட்தான்), அங்கிருந்து 32 ஜிபி பென்டிரைவில் தவணை தவணையாக எனக்கு வந்தன. இப்போது எல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன.

அந்த ஃபோல்டருக்குள் போய் எஸ்எச்ஏ256சம் -சி பட்டியல்.டிஎக்ஸ்டி என்று கொடுத்தால் 36 ஃபைலுக்கு ஓகே வருகிறது, மிச்சத்துக்கு இப்படி:

முத்தாரம்மன்-நடுச்சாமம்.எம்பி4: ஃபெயில்ட்
கொடை-முழுசு.எம்பி4: ஃபெயில்ட் ஓப்பன் ஆர் ரீட்
சொரிமுத்தையனார்-2.எம்பி4: ஃபெயில்ட் ஓப்பன் ஆர் ரீட்
கோமதி-அம்மன்.எம்பி4: ஃபெயில்ட் ஓப்பன் ஆர் ரீட்

கடைசியில் 9 ஃபைலைப் படிக்க முடியவில்லை, 1 செக்சம் பொருந்தவில்லை என்று இரண்டு வார்னிங். "நோ சச் ஃபைல்" என்றும் சொல்கிறது, ஆனால் எல்எஸ் (ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று காட்டுகிற கட்டளை) போட்டால் அதே பெயரில் ஃபைல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அண்ணாச்சி வேறு தினமும் போன் போட்டு, "தம்பி, எல்லாம் சரியா இருக்கா, டிஸ்க்கை அழிக்கட்டுமா, அடுத்த கொடைக்கு இடம் வேணும்" என்கிறார். என்ன சொல்ல?

கடையம் பையன்:
பட்டியலை விண்டோஸில் ஏதாவது எடிட்டரில் திறந்து சேமித்தீர்களா? சில நேரம் வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஏறிவிடும், அது ஃபைல் பெயரோடு ஒட்டிக்கொண்டு "இல்லை, இல்லை" என்று சொல்ல வைக்கும். எனக்கு ஒருமுறை ஆயிருக்கிறது. அதை நீக்குகிற டாஸ்2யூனிக்ஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள்.

ஆலங்குளத்தான்:
விண்டோஸ் பக்கமே போகவில்லை தம்பி. டாஸ்2யூனிக்ஸும் போட்டுப் பார்த்தாச்சு, அதே 9, அதே 1.

பாளை அண்ணாச்சி:
அது இல்லவே. வரிக் கடைசிப் பிரச்சினை என்றால் 46 வரியும்தான் விழும், 36 மட்டும் எப்படி ஓகே ஆகும்?

முதலில் ஒன்று. நீங்கள் காட்டியிருப்பதில் இரண்டு வேறு வேறு வியாதி இருக்கிறது. வெறும் "ஃபெயில்ட்" என்றால் ஃபைலைத் திறந்து முழுக்கப் படித்து, கணக்குப் போட்டுப் பார்த்து, பட்டியலில் இருக்கிற எண்ணோடு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். "ஃபெயில்ட் ஓப்பன் ஆர் ரீட்" என்றால் கணக்கே போடவில்லை, அந்தப் பெயரில் ஃபைல் கிடைக்கவில்லை அல்லது படிக்க முடியவில்லை. அந்த 9 ஃபைலைப் பற்றி இந்த நிமிஷம் வரைக்கும் நமக்கு நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது. அதனால் அந்த ஸ்டூடியோக்காரரிடம் இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

இனி பெயர் விஷயம். விழுந்த மூன்று பெயரையும் பாருங்கள்: கொடை, சொரிமுத்தையனார், கோமதி. மூன்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. முத்தாரம்மனில் இல்லை, அதனால்தான் அந்த ஃபைலைத் திறக்கவாவது முடிந்திருக்கிறது. மற்ற ஆறிலும் இப்படித்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஓகே ஆன 36-இல் ஒன்றிலாவது கொ, கோ மாதிரி எழுத்து இருந்தால் நான் சொல்வதை விட்டுவிடலாம்.

ஆலங்குளத்தான்:
பார்த்தேன். ஒன்பதிலும் இருக்கிறது, 36-இல் ஒன்றில்கூட இல்லை! இது என்ன கூத்து அண்ணாச்சி?

பாளை அண்ணாச்சி:
யூனிகோடில் கொ என்று எழுத இரண்டு வழி உண்டு. ககரத்துக்குப் பின்னால் ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், யுடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கிற முறை) கணக்கில் அந்தக் குறிக்கு 3 பைட். அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகப் போடலாம், அது 6 பைட். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் விழும். கோ, கௌ இரண்டுக்கும் இதே கதை. நாம் கீபோர்டில் அடிப்பது பெரும்பாலும் முதல் வழி. மேக்கில் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபார்மேட் டிஸ்க் என்றால் அது ஃபைல் பெயர்களை எப்போதும் பிரித்து இரண்டாவது வழியில்தான் வைத்துக்கொள்ளும். ஸ்டூடியோக்காரர் பட்டியலை மேக்கில் எடுத்ததால் அதில் பிரித்த பெயர் விழுந்திருக்கும், வீடியோக்கள் வெளி டிஸ்க்கில் ஏறும்போது பெயர் சேர்ந்திருக்கும். லினக்ஸுக்கு இந்த ஒட்டுறவெல்லாம் தெரியாது, பைட் ஒன்று மாறினாலும் அது வேறு ஃபைல்தான்.

நம்பிக்கை இல்லை என்றால் எல்எஸ் வெளியீட்டை எக்ஸ்எக்ஸ்டி (பைட்டுகளை அப்படியே எண்ணாகக் காட்டுகிற கட்டளை) வழியாக விட்டுப் பாருங்கள், பட்டியலில் கொடை இருக்கிற வரியையும் அப்படியே. ஒன்றில் க-வுக்கு அடுத்து இ0 ஏஎஃப் 8ஏ என்று வரும், மற்றதில் இ0 ஏஎஃப் 86 இ0 ஏஇ பிஇ என்று வரும்.

வள்ளியூர் டீச்சர்:
குறுக்கே கேட்கிறேன். பெயர் மாறினால் செக்சம் மாறாதா? அப்படியானால் அந்த 9 ஃபைலுக்கும் எண்ணே தப்பாகத்தானே இருக்கும்?

பாளை அண்ணாச்சி:
மாறாது டீச்சர். பாத்திரத்தில் யார் பேர் வெட்டியிருந்தாலும் தராசு உள்ளே இருக்கிற அரிசியைத்தானே நிறுக்கும். எஸ்எச்ஏ256சம் ஃபைலின் உள்ளடக்கத்தை மட்டும் படிக்கிறது. பெயர், தேதி எதுவும் கணக்கில் வராது. பட்டியலில் பெயர் இருப்பது "இந்த எண்ணை எந்த ஃபைலோடு ஒப்பிட" என்று தெரிவதற்கு மட்டும்.

அதனால்தான் ஆலங்குளத்தான், பெயரை ஓரமாக வைத்துவிட்டு எண்ணை மட்டும் ஒப்பிடலாம். எஸ்எச்ஏ256 எப்போதும் 64 எழுத்து. பட்டியலில் இருந்து அதை மட்டும் வெட்டி எடுங்கள்:

கட் -சி1-64 பட்டியல்.டிஎக்ஸ்டி | சார்ட் > அவர்.டிஎக்ஸ்டி
எஸ்எச்ஏ256சம் *.எம்பி4 | கட் -சி1-64 | சார்ட் > நான்.டிஎக்ஸ்டி
காம் -23 அவர்.டிஎக்ஸ்டி நான்.டிஎக்ஸ்டி

கடைசி வரி, அவரிடம் இருந்து நம்மிடம் வராத எண்களை மட்டும் காட்டும். அந்த முத்தாரம்மன் ஒன்று நிச்சயம் வரும். அது மட்டும் வந்தால் மற்ற ஒன்பதும் சுகம்.

ஆலங்குளத்தான்:
எக்ஸ்எக்ஸ்டி போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன எண்கள் அச்சு அசலாக அப்படியே இருக்கின்றன.

ஆனால் காம் போட்டால் இரண்டு வரி வருகிறது அண்ணாச்சி. ஒன்று முத்தாரம்மன்-நடுச்சாமம். இன்னொன்றை கிரெப் போட்டுப் பட்டியலில் தேடினால் கொடை-முழுசு. அதாவது படிக்க முடியவில்லை என்று சொன்ன ஒன்பதில் ஒன்று. நல்லவேளை, நேற்றே போன் போட்டு அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டுமே பிளேயரில் திறக்கவில்லை, மற்றவை ஓடுகின்றன.

பாளை அண்ணாச்சி:
அந்த இரண்டுக்கும் எல்எஸ் -எல் போட்டு அளவு எவ்வளவு என்று சொல்லுங்கள். ஜிபியில் வேண்டாம், பைட்டில்.

ஆலங்குளத்தான்:
இரண்டும் 4294967295. ரெண்டும் வேறு வேறு பாட்டு, வேறு வேறு கோயில், அளவு மட்டும் எப்படி ஒரே மாதிரி?

கடையம் பையன்:
ஃபேட்32!! பென்டிரைவ் ஃபேட்32!!

பாளை அண்ணாச்சி:
பையன் பிடித்துவிட்டான். ஃபேட்32 என்பது பென்டிரைவின் பழைய ஃபார்மேட், அதில் ஒரு ஃபைலின் அளவை எழுதி வைக்க 32 பிட் இடம்தான் உண்டு. அதில் எழுத முடிகிற மிகப் பெரிய எண் 4294967295, அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அதற்கு மேல் ஒரு பைட்கூட ஏறாது. மச்சான் டெர்மினலில் சிபி (காப்பி கட்டளை) போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார், "ஃபைல் டூ லார்ஜ்" என்று ஒரு வரி வந்து மேலே ஓடியிருக்கும், வெட்டுப்பட்ட பாதி ஃபைல் பென்டிரைவில் தங்கியிருக்கும். எம்பி4-இல் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை பல நேரம் ஃபைலின் கடைசியில்தான் இருக்கும், வால் போனால் பிளேயர் திறக்காது. திறக்காமல் போனதும் ஒரு வகையில் நல்லதுதான், வேறு வகை ஃபைல் என்றால் வெட்டிய இடம் வரைக்கும் ஜோராக ஓடிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

செய்ய வேண்டியது: பென்டிரைவை இந்த 4 ஜிபி தடை இல்லாத எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள் (உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்), அந்த இரண்டை மட்டும் மறுபடி வாங்குங்கள். மச்சான் லேப்டாப்பில் முழு ஃபைல் இருந்தால் அங்கிருந்தே போதும்.

இன்னொரு சங்கதி, இது நிறையப் பேருக்குத் தெரியாது. பென்டிரைவில் காப்பி முடிந்த கையோடு அதே கம்ப்யூட்டரில் செக்சம் பார்க்காதீர்கள். லினக்ஸ் அப்போதுதான் எழுதியதை ரேமில் வைத்திருக்கும், அதையே படித்து ஓகே சொல்லிவிடும், பென்டிரைவில் உண்மையில் என்ன ஏறியது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முறையாக எஜெக்ட் செய்து, கழற்றி, திரும்பச் சொருகிப் பாருங்கள்.

பட்டியலின் பெயர்களைச் சரிசெய்ய ஐசியு-டெவ்டூல்ஸ் என்கிற பேக்கேஜை நிறுவிவிட்டு யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி பட்டியல்.டிஎக்ஸ்டி > புதுப்பட்டியல்.டிஎக்ஸ்டி. பிரித்த எழுத்தையெல்லாம் சேர்த்துக் கொடுக்கும். மூலப் பட்டியலைத் தொடாதீர்கள்.

கடையம் பையன்:
ஒரு சந்தேகம் அண்ணாச்சி. இவ்வளவு பெரிய ஃபைலுக்கு எம்டி5 என்கிற பழைய செக்சம் முறை போதாதா? என் பழைய லேப்டாப்பில் எஸ்எச்ஏ256 இழுவையோ இழுவை.

பாளை அண்ணாச்சி:
காப்பியில் கெட்டுப்போனதா என்று பார்க்க எம்டி5 போதும், தாராளமாகப் போடு. யாராவது வேண்டுமென்றே மாற்றியிருப்பார்களோ என்கிற இடத்தில் போடாதே. ஒரே எம்டி5 வருகிற இரண்டு ஃபைலைச் செய்ய முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள், இன்னொரு பழைய முறையான எஸ்எச்ஏ-1-க்கும் 2017-இல் அதே கதி. ஆனால் எஸ்எச்ஏ256 போட்டால் மட்டும் எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. நாம் ஓட்டுகிற இதே மின்ட்டின் தளத்தில் 2016 பிப்ரவரியில் ஹேக்கர்கள் புகுந்து, ஐஎஸ்ஓ-வுக்கான (மின்ட் நிறுவ இறக்குகிற ஃபைல்) இணைப்பையே கள்ள ஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள். தளம் ஹேக்கர் கையில் என்றால் பக்கத்தில் போட்டிருக்கிற செக்சத்தையும் அவனே மாற்றலாமே, அதனால் ஐஎஸ்ஓ இறக்கினால் ஜிபிஜி கையொப்பத்தையும் (வெளியிட்டவர் போடுகிற டிஜிட்டல் கையொப்பம்) பார்க்க வேண்டும். கொடை வீடியோவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஆலங்குளத்தான்:
முடிந்தது. மச்சான் லேப்டாப்பில் இரண்டுமே முழுசாக இருந்தன, ஒன்று 5 ஜிபிக்கு மேல். எக்ஸ்ஃபேட் ஆக்கி, கொண்டுவந்து, கழற்றிச் சொருகி, என் ஃபோல்டரில் போட்டு, புதுப்பட்டியலை வைத்துப் பார்த்தால் 46-உம் ஓகே. ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

வள்ளியூர் டீச்சர்:
என்னிடம் விண்டோஸ்தான் இருக்கிறது. இதே வேலையை அதில் எப்படிச் செய்ய?

பாளை அண்ணாச்சி:
கமாண்ட் பிராம்ப்டில் செர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல், பிறகு ஃபைல் பெயர், பிறகு எஸ்எச்ஏ256. அந்தக் கடைசிச் சொல்லை விட்டால் எஸ்எச்ஏ-1 போட்டுக் கொடுத்துவிடும். 64-க்குப் பதில் 40 எழுத்து வந்தால் அதுதான் காரணம். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் என்றால் தானாகவே எஸ்எச்ஏ256 எடுக்கும், பெரிய எழுத்தில் காட்டும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டும் ஒரே எண்தான். விண்டோஸோடு வருகிற பவர்ஷெல்லில் அதை > போட்டுச் சேமித்து லினக்ஸ்காரரிடம் பட்டியலாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள் டீச்சர். அது யுடிஎஃப்-16 என்கிற வேறு முறையில் எழுதிவிடும், இங்கே எஸ்எச்ஏ256சம் -சி ஒரு வரியைக்கூடப் பட்டியல் வரி என்று ஒத்துக்கொள்ளாது.