டென்னிஸ் எல்போவுக்கு லேசர் வைக்கலாமா? பத்து சிட்டிங்குக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி கேக்கறேன்

அல்சூர்_ரேவதி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பெங்களூர் அல்சூர்ல வீட்லயே பிளவுஸ் தைக்கறேன், பதினேழு வருஷமா இதான் தொழில். இந்த வருஷம் வரமகாலட்சுமி சீசன்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து கட்டிங் பண்ணேன், அது முடிஞ்சதுல இருந்து வலது முழங்கைல வெளிப்பக்கமா எலும்பு துருத்திட்டு இருக்குமே, சரியா அங்க ஒரு வலி. சரியாயிடும்னு விட்டுட்டேன், இப்ப மூணு மாசம் ஆச்சு. லைனிங்கோட சேத்து நாலு மடிப்பு துணியை வச்சு கத்தரிக்கோலை அழுத்தினா கை அப்படியே விட்டுப்போகுது. ஈரத்துணி பிழிய முடியல, தோசைக்கல்லை தூக்க முடியல, பால் பாத்திரத்தை சாய்ச்சா சுளீர்னு இழுக்குது. எலும்பு டாக்டர் அழுத்திப் பாத்துட்டு டென்னிஸ் எல்போன்னு சொன்னாரு, ஊசி வேணும்னா போடறேன், இல்லன்னா பிசியோ போங்கன்னாரு. ஊசின்னா எனக்கு பயம்.

பக்கத்துல ஒரு பிசியோ சென்டர்ல லேசர் வச்சா சரியாயிடும், பத்து சிட்டிங் 7,500 ரூபா, முன்னாடியே கட்டணும்னாங்க. ஒரு நாள் வச்சுப் பாத்தேன். பேனா மாதிரி ஒண்ணை முழங்கைல வச்சாரு, பீப்னு சத்தம் வந்துச்சு, சூடும் இல்ல, வெளிச்சம்கூட கண்ணுக்கு தெரியல, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சுன்னு எழுப்பிவிட்டாங்க. அவர் மட்டும் கண்ணாடி போட்டுக்கிட்டாரு, எனக்கு தரல. இதுல நிஜமா ஏதாவது இருக்கா இல்ல சும்மா ஏமாத்தறாங்களா? 7,500ங்கறது எனக்கு பெரிய காசு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேஜிஹள்ளி_சலீம்:

அக்கா அவசரப்பட்டு கட்டிடாதீங்க. எங்கம்மாவுக்கு முட்டி வலிக்கு ஒரு சென்டர்ல 12 சிட்டிங் வச்சோம், போயிட்டு இருந்த வரைக்கும் படியேறி எறங்கினாங்க, விட்ட மூணாவது வாரம் பழையபடி செவுத்தை புடிச்சுக்கிட்டு நடக்கறாங்க. அத்தனை நாள்ல ஒரு எக்ஸர்சைஸ்கூட சொல்லித் தரல, வச்சாங்க எடுத்தாங்க அவ்ளோதான். லேசரே பொய்யின்னு நான் சொல்லல, ஆனா அதை மட்டும் நம்பி போகாதீங்க.

பிசியோ_எஜிபுரா:

ரேவதி அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட், பெங்களூர்லதான் பதினோரு வருஷமா வேலை பாக்கறேன், லேசர் நானும் வைக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுமையா படிங்க.

சூடு தெரியலங்கறதுக்காக ஏமாத்துன்னு நினைக்க வேணாம். இது வெட்டற லேசர் இல்ல, லோ லெவல் லேசர், 500 மில்லிவாட்டுக்கு உள்ள இருக்கும், சூடாக்கறது இதோட வேலையே கிடையாது. நம்ம செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு சத்தை சக்தியா மாத்தற ஒரு பகுதி இருக்கு, அதுல சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ்னு ஒரு நொதி சிவப்பு வெளிச்சத்தையும் அதைத் தாண்டி கண்ணுக்கு தெரியாத வெளிச்சத்தையும் உறிஞ்சிக்குது, அதனால செல்லுக்கு சக்தி கூடுது, வீக்கம் குறையுதுங்கறதுதான் பெரும்பாலும் ஒத்துக்கிட்ட விளக்கம். இது கண்டுபுடிச்சதே எதேச்சையாதான். 1967ல ஹங்கேரில புடாபெஸ்ட்ல எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர் லேசர் பட்டா கேன்சர் வருமான்னு பாக்கறதுக்காக எலி முதுகுல முடியை மழிச்சிட்டு ரூபி லேசரை அடிச்சாரு, கேன்சர் வரல, ஆனா லேசர் பட்ட எலிங்களுக்கு முடி சீக்கிரமா வளந்துச்சு. அப்புறம் அவரே ஆறாத புண்ணுங்களுக்கு வச்சுப் பாத்தாரு.

வலிக்கு பிரயோஜனம் இருக்கான்னா, இடத்தையும் அளவையும் பொறுத்து இருக்கு. 2009ல லான்செட் பத்திரிகைல கழுத்து வலிக்கு 16 ஆய்வு, மொத்தம் 820 பேரை சேத்துப் பாத்து, நாள்பட்ட வலிக்காரங்களுக்கு சிகிச்சை முடிஞ்சு 22 வாரம் வரைக்கும்கூட வலி குறைஞ்சிருந்ததா எழுதினாங்க. உங்க முழங்கை விஷயத்துக்கு 2008ல நார்வேக்காரங்க ஒரு அலசல் பண்ணாங்க, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. 904 நானோமீட்டர் (வெளிச்சத்தோட அலைநீளம்) லேசரை நேரா முழங்கைல வலிக்கற தசைநார் எலும்புல ஒட்டற இடத்துல வச்சவங்களுக்கு வலி குறைஞ்சுது, அக்குபஞ்சர் புள்ளியில வச்ச ஆய்வுங்கள்ல குறையல. வியாதி ஒண்ணுதான், வச்ச இடம் வேற, பலன் மாறிடுச்சு பாருங்க.

அளவும் அப்படித்தான். எத்தனை நிமிஷம் வச்சாங்கங்கறதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, எத்தனை ஜூல், அதாவது மொத்தம் எவ்ளோ சக்தி உள்ள போச்சுன்னு பாக்கணும். ஒரு புள்ளிக்கு 4 ஜூல் குடுக்கணும்னு வச்சுக்கோங்க, மெஷின் 100 மில்லிவாட்னா 40 செகண்ட் வைக்கணும், 200 மில்லிவாட்னா 20 செகண்ட் போதும். கம்மியா வச்சா வேலை செய்யாது, ரொம்ப வச்சாலும் செல் அடங்கிப்போயிடும், அமிர்தமும் நஞ்சுதான். அதனால சென்டர்ல போய் கூச்சப்படாம கேளுங்க, எத்தனை நானோமீட்டர், எத்தனை மில்லிவாட், ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல், எத்தனை புள்ளின்னு. தெரிஞ்சவர்னா யோசிக்காம சொல்லுவாரு. மெஷின்ல புரோகிராம் இருக்கு மேடம், அது பாத்துக்கும்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

கண்ணாடி விஷயத்துல நான் கோவமாவே சொல்றேன், அது தப்பு. கண்ணுக்கு தெரியாத வெளிச்சம்னா கண்ணு சிமிட்டி தப்பிக்கவும் முடியாது, நேரா பட்டா விழித்திரை போயிடும், வைக்கறவர் வச்சுக்கறவர் ரெண்டு பேரும் அந்த லேசருக்குன்னு இருக்கற கண்ணாடிதான் போடணும், சும்மா கூலிங் கிளாஸ் ஆகாது. கேன்சர் கட்டி மேலயும், கர்ப்பமா இருக்கறவங்களுக்கு வயித்துலயும் வைக்கக் கூடாது. தைலம் தடவிட்டும் போகாதீங்க, தோலை துடைச்சிட்டு முனையை நல்லா அழுத்தி வைக்கணும்.

இப்ப சலீம் சொன்னதுக்கு வரேன், அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. லேசர் வலியை குறைச்சு தரும், அந்த இடைவெளியில நீங்க தசையை பலமாக்கணும். அரை லிட்டர் தண்ணி பாட்டிலை கையில புடிச்சு, முன்கையை டேபிள் மேல உள்ளங்கை கீழ பாக்கற மாதிரி வச்சு, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளிய இருக்கட்டும், இன்னொரு கையால மேல தூக்கிவிட்டு மெதுவா நாலஞ்சு செகண்டுக்கு கீழ இறக்குங்க. பதினஞ்சு தடவை, மூணு வேளை. லேசா வலிச்சா பரவால்ல, மறுநாள் காலைல வலி ஏறியிருந்தா தண்ணியை பாதியாக்குங்க. கட்டிங்கையும் ஒரே மூச்சுல பண்ணாதீங்க, ரெண்டு பிளவுஸ் வெட்டினா எழுந்து கையை உதறிட்டு வாங்க, கத்தரிக்கோலை சாணை புடிங்க. மழுங்கின கத்தரிக்கோல்தான் பாதி தையல்காரங்க கையை கெடுக்குது. கழுத்தும் வலிக்குதான்னு பாருங்க, மெஷின் முன்னாடி குனிஞ்சே இருக்கறவங்களுக்கு கழுத்து நரம்புல இருந்தும் முழங்கைக்கு வலி இறங்கும்.

ஊசிக்கு நீங்க பயந்தது ஒரு வகைல நல்லதுதான், ஸ்டீராய்டு ஊசி ஆறு வாரத்துக்கு அருமையா இருக்கும், ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ஊசி போட்டவங்கதான் பின்தங்கியிருந்தாங்கன்னு 2006லயே ஆய்வு வந்திருக்கு. பத்து சிட்டிங் மொத்தமா கட்டாதீங்க, நாலு சிட்டிங்குக்கு மட்டும் தரேன்னு கேளுங்க. முதல் நாள் பிபி மெஷின் பட்டையை சுருட்டி கொஞ்சம் காத்தடிச்சு 20ல நிறுத்தி, வலி ஆரம்பிக்கற வரைக்கும் மட்டும் கையால அழுத்தி முள் எங்க நிக்குதுன்னு எழுதி வைங்க. நாலு சிட்டிங் கழிச்சு அந்த நம்பர் ஏறலன்னா நிறுத்திடுங்க.

மர்ஃபிடவுன்_ஜான்:

வலிக்கு இல்ல, வேற ஒண்ணுக்கு நான் கண்ணால பாத்தேன். அப்பாவுக்கு தொண்டைல கேன்சர், ரேடியேஷன் ஆரம்பிச்ச மூணாவது வாரம் வாயெல்லாம் வெந்து புண்ணாகி எச்சில்கூட முழுங்க முடியாம துண்டை வாயில வச்சுட்டு உக்காந்திருப்பாரு. பக்கத்து பெட்ல இருந்த பெரியவருக்கு முதல் நாள்ல இருந்தே வாய்க்குள்ள லேசர் வச்சாங்க, அவர் ராகி கஞ்சி குடிச்சுட்டு இருந்தாரு. எங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அப்புறம் கேட்டு வச்சோம், வலி குறைஞ்சுது, ஆனா முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். கட்டி மேல வைக்கக் கூடாதுன்னு மேல சொல்லியிருக்காங்களே, வாய்க்குள்ள வைக்கலாமா?

பிசியோ_எஜிபுரா:

ஜான், கட்டி இருக்கற இடத்தை விட்டுட்டு, புண்ணு வரக்கூடிய மத்த இடங்கள்ல கேன்சர் டாக்டர் சொல்லி வைக்கறது அது. இந்த வாய்ப்புண்ணுக்குத்தான் லேசருக்கு இருக்கறதுலயே உறுதியான ஆதாரம், இங்கிலாந்துல 2018ல அரசு வழிகாட்டுதலே வந்துடுச்சு, நம்ம மங்களூர்லயே 221 பேரை வச்சு ஆய்வு பண்ணி 2012ல வெளியிட்டாங்க. வீட்ல யாருக்காவது வாய் தொண்டை ரேடியேஷன் ஆரம்பிக்கப் போகுதுன்னா முதல் நாளே இதைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, புண்ணு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அப்பா இப்ப எப்படி இருக்காரு?

மர்ஃபிடவுன்_ஜான்:

நல்லா இருக்காரு அண்ணா, கார சாம்பார் மட்டும் இன்னும் ஆகல.

அல்சூர்_ரேவதி:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. அந்த சென்டர்ல நீங்க சொன்ன நாலையும் கேட்டேன், அவர் முழிச்சாரு, அப்புறம் புரோகிராம்னுதான் சொன்னாரு, வந்துட்டேன். வேற ஒரு இடத்துல ஒரு அம்மா 808 நானோமீட்டர், 100 மில்லிவாட், மூணு புள்ளி, புள்ளிக்கு 40 செகண்ட்னு நோட்டுல எழுதியே காமிச்சாங்க, கண்ணாடியும் குடுத்தாங்க, சிட்டிங்குக்கு 400ன்னு அன்னன்னைக்கு வாங்கிக்கிட்டாங்க. ஆறு சிட்டிங் ஆச்சு. பிபி பட்டைல முதல் நாள் 64ல வலிச்சுது, நேத்து 110. பாட்டில் பயிற்சி ஒரு நாளும் விடல. கத்தரிக்கோலுக்கு சாணையும் புடிச்சாச்சு. துணி பிழியறப்ப மட்டும் இன்னும் இழுக்குது. கல்யாண ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு, பதினெட்டு பிளவுஸ், ஒத்துக்கலாமா அண்ணா?

பிசியோ_எஜிபுரா:

ரொம்ப சந்தோஷம் அக்கா. ஒத்துக்கோங்க, ஆனா ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வெட்டாதீங்க, தேதியை அதுக்கேத்த மாதிரி கேட்டு வாங்குங்க. இடது கையிலயும் அதே பட்டையை அழுத்திப் பாத்து நம்பர் போடுங்க, வலது கை அதை தொடற வரைக்கும் பாட்டிலை விடக் கூடாது.