மருந்தடிக்காத வல்லாரை யாரிடம் கிடைக்கும்?

வணக்கம். தஞ்சாவூரில் எம்.பார்ம் படிக்கிறேன். எத்தனாலில் எடுத்த வல்லாரைச் சாறு மனச்சோர்வைக் குறைக்குமா என்று சுண்டெலிகளில் சோதிக்கிறேன். நெறிமுறைக் குழு அனுமதி வந்துவிட்டது. வாலைக் கட்டித் தொங்கவிடும் சோதனை 6 நிமிடம். எலி எவ்வளவு நேரம் அசையாமல் தொங்குகிறது என்பதே கணக்கு. ஒப்பிட, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் இமிப்ரமின் மருந்து.

சிக்கல் செடியில்தான். வாய்க்கால் ஓரம் வல்லாரை தாராளமாகக் கிடக்கிறது. ஆனால் குறுவை நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்து அதிலும் படியுமே! அவற்றில் பல நரம்பைத் தாக்குபவை. எலி சோர்ந்தால் காரணம் எதுவென்று எப்படிச் சொல்வது? ஓர் உயிரை வருத்திவிட்டுத் தப்பான முடிவு எழுத எனக்கு மனமில்லை.

கும்பகோணம், திருவையாறு, மன்னார்குடி பக்கம் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் ஐந்து கிலோ பச்சை வல்லாரை தர முடியுமா? உரிய விலை தந்துவிடுகிறேன். பூவும் வேருமாக ஒரு செடியும் வேண்டும், தாவரவியல் துறையில் அடையாளச் சான்று வாங்க. வீடியோ பார்த்து நேரம் குறிக்க, எந்த எலிக்கு எது கொடுத்தோம் என்று அறியாத ஒருவரும் தேவை.